விலைகொடுத்தும் நமதாகா விளையாட்டுக்கள்

விளையாட்டென்பது சிறுவர்க்கே உரியதென்று கருதி அதனை எளிதாக எண்ணுதல் நம்மிடையே பழகிப்போன வழக்கமாகும். ஆயினும், கடந்த அரை நூற்றாண்டில் தோன்றி வளர்ந்துள்ள வீடியோ விளையாட்டுக்களை அவ்வாறு தள்ளிவிடுதல் பொருந்தாது. ஒரு விளையாட்டினுள்ளே கதை உண்டு, ஓவியம் உண்டு, இசை உண்டு, இவை யாவற்றையும் ஓர் ஒழுங்கில் இயக்கும் கணினி நிரலும் உண்டு. கலைஞரும் தொழில் வல்லுநரும் பல்லாண்டு கூடி உழைத்து ஆக்கும் இவை, நூல்களையும் திரைப்படங்களையும் போலவே ஒரு காலத்து மக்களின் கற்பனையையும் விருப்பத்தையும் பின்வருவோர்க்கு உணர்த்த வல்லவை. இத்தகைய ஆக்கங்கள், தோன்றிய சில ஆண்டுகளுக்குள்ளாகவே கடைகளினின்றும் நீங்கி, எவ்விலை கொடுப்பினும் கிடையா என்னும் நிலையை எய்திவருகின்றன. அவற்றுட் சில, விலைகொடுத்து வாங்கியவர் கையிலும் நில்லாது மறைகின்றன. இஃது எவ்வாறு நிகழ்கின்றது, இதற்குக் காரணங்கள் யாவை, இதனைத் தடுக்க வழியுண்டோ என்பவற்றை இக்கட்டுரையில் ஒருவாறு ஆராய்வோம்.

முன்னாளில் விளையாட்டுக்கள் கையால் எடுத்து வைத்துக்கொள்ளத்தக்க பொருள்களாகவே விற்கப்பட்டன. கார்ட்ரிட்ஜ் எனப்படும் சிறு பெட்டியிலோ, மெல்லிய வட்டிலோ விளையாட்டு முழுவதும் அடங்கியிருக்கும். அதனை வாங்கியவர் வேண்டியபோதெல்லாம் விளையாடலாம்; நண்பர்க்கு இரவல் கொடுக்கலாம்; சலித்தபின் பாதி விலைக்கு விற்றுவிடலாம்; பரணில் இட்டுவைத்து, இருபது ஆண்டு கழிந்தபின் எடுத்துத் தம் பிள்ளைகளுக்குக் காட்டலாம். அதனை ஆக்கிய நிறுவனமே மூடப்பட்டொழியினும் வாங்கினவர் பொருளுக்கு யாதொரு குறைவும் நேராது.

அமெரிக்க நாட்டு வால்வ் நிறுவனத்தார் 2003ஆம் ஆண்டில் தொடங்கிய ஸ்டீம் என்னும் சேவை பின்னர் மிகப் பெரிய இணையக் கடையாக வளர்ந்தது. சோனி, மைக்ரோசாப்ட், நின்டெண்டோ என்னும் நிறுவனங்களும் தத்தம் விளையாட்டுக் கருவிகளுக்கென இத்தகைய கடைகளை ஏற்படுத்தின. இவற்றால் விளைந்த நன்மைகளை மறைத்தல் நேர்மையாகாது. வீட்டில் இருந்தபடியே ஒரு விளையாட்டை வாங்கிச் சில நாழிகைக்குள் ஆடத் தொடங்கலாம். வட்டு அச்சிடவும், பெட்டி செய்யவும், ஊர்தோறும் அனுப்பவும் பொருள் வசதியில்லாத சிறு குழுவினரும் தம் படைப்பை உலகெங்கும் விற்கலாம். இவ்வசதிகளால் மகிழ்ந்த மக்கள், தாம் வாங்குவது யாது என்பதைப் பெரும்பாலும் ஆராய்ந்தாரில்லை.

நம் நாட்டில் நிலத்தைப் பற்றிய வழக்கில் கிரயம் வேறு, குத்தகை வேறு என்பதை யாவரும் அறிவர். கிரயம் பெற்றவன் நிலத்துக்கு உடையவன். குத்தகைக்கு எடுத்தவன் அதனைப் பயன்படுத்தும் உரிமை மட்டும் உடையவன். இணையக் கடைகளில் ‘வாங்குக’ என்று எழுதப்பட்டிருப்பினும், அங்கு நடைபெறுவது கிரயம் அன்று. விளையாட்டைப் பயன்படுத்திக்கொள்ள அளிக்கப்படும் உரிமமேயாகும். எவரும் எளிதிற் படித்து முடியாத நீண்ட ஒப்பந்தத்தில் இவ்வுண்மை எழுதப்பட்டிருக்கும். அதன்கீழ் உள்ள ‘உடன்படுகிறேன்’ என்னும் கட்டத்தைத் தொட்டவுடன் வாங்குபவர் அதற்குக் கட்டுப்பட்டவராகின்றார். குத்தகையிலேனும் இத்தனை ஆண்டு என்னும் வரையறை உண்டு. இவ்வுரிமத்திலோ பெரும்பாலும் அதுவும் இல்லை. கொடுத்தவர் எப்பொழுது முடிப்பாரோ, அப்பொழுது அது முடியும்.

பொருளை விற்றவர்க்கு, விற்றபின் அப்பொருள்மீது எத்துணை அதிகாரம் உண்டு என்னும் வினா புதியதன்று. அமெரிக்க நாட்டுப் பதிப்பாளர் ஒருவர், தம் நாவலை ஒரு டாலருக்குக் குறைந்த விலையில் எவரும் விற்றலாகாது என்று நூலிலேயே அச்சிட்டு வெளியிட்டனர். மேசி என்னும் பெருங்கடையார் அதனைப் பொருட்படுத்தாது 89 சென்டுக்கு விற்றனர். வழக்கு அந்நாட்டு உச்சநீதிமன்றம் வரை சென்றது. ஒரு பிரதியை ஒருமுறை விற்றபின் அப்பிரதியை மறுபடியும் விற்பதைக் கட்டுப்படுத்தப் பதிப்புரிமையாளர்க்கு அதிகாரம் இல்லையென்று 1908ஆம் ஆண்டில் அம்மன்றம் தீர்ப்பளித்தது. பழைய புத்தகக் கடைகளும், நூலை இரவல் தரும் நூலகங்களும் அந்நாட்டில் இக்கொள்கையின் நிழலிலேயே வாழ்கின்றன. இணையத்தின் வாயிலாகப் பெறும் பொருளுக்கு இக்கொள்கை பொருந்துமோ என்பதில் நீதிமன்றங்கள் ஒருமித்த கருத்துடையன அல்ல. கணினி நிரலொன்றை முழு விலைக்கு என்றைக்குமாகப் பெற்றவர் அதனைப் பிறர்க்கு விற்கலாம் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2012இல் கூறியது. அதனைத் துணைக்கொண்டு, ஸ்டீம் கடையில் வாங்கிய விளையாட்டுக்களையும் விற்கலாம் என்று பாரிஸ் நகர நீதிமன்றம் 2019இல் தீர்த்தது. ஆனால் மேல்முறையீட்டு மன்றம் 2022இல் அத்தீர்ப்பை மாற்றியது. பிரான்சின் மிக உயர்ந்த நீதிமன்றம் 2024இல் அம்மாற்றத்தை உறுதி செய்தது. விளையாட்டென்பது நிரல் மட்டுமன்று, கதையும் இசையும் ஓவியமும் கலந்த ஆக்கம். ஆதலின் நிரலுக்குரிய விதி அதற்குப் பொருந்தாது என்பது அவர்கள் கொண்ட முடிபு. விளையாட்டு ஒரு கலையென்று ஒப்புக்கொண்ட அவ்விடத்திலேயே வாங்கினவர் உரிமை சுருங்கிற்று என்பது கருதத்தக்கது.

இனி, விளையாட்டுக்கள் மறைவதற்குரிய காரணங்களை நோக்குவோம். அவை பெரும்பாலும் மூன்று வகைப்படும்.

முதலாவது, பிறர் உரிமை கலந்திருத்தல். ஒரு விளையாட்டில் பிறர் பாடிய பாட்டோ, புகழ்பெற்ற கார்களின் உருவமோ, வேறொருவர்க்குரிய கதைமாந்தரோ இடம்பெறின், அவற்றுக்குத் தனியே காலவரையறையுடன் அனுமதி பெறுதல் வேண்டும். காலம் முடியின் விற்பனையும் முடியும். ‘ஆலன் வேக்’ என்னும் கதை விளையாட்டு, அதிலுள்ள பாடல்களின் அனுமதி முடிந்தமையால் 2017 மே மாதத்தில் கடைகளினின்றும் எடுக்கப்பட்டது. அனுமதி மீண்டும் கிடைத்தபின் 2018 அக்டோபரில் திரும்பிவந்தது. ‘ஸ்காட் பில்கிரிம்’ என்னும் படக்கதையைத் தழுவிய விளையாட்டு 2014 முதல் 2021 வரை எங்கும் விலைக்குக் கிடையாதிருந்தது. 2018இல் வெளிவந்த ‘போர்சா ஹொரைசன் 4’ என்னும் கார்ப் பந்தய விளையாட்டு 2024 டிசம்பரில் விற்பனையினின்றும் நீக்கப்பட்டது. இவையெல்லாம் புதிதாக வாங்குவோர்க்கு நேர்ந்த தடை. 2008இல் வெளிவந்த ‘கிராண்ட் தெப்ட் ஆட்டோ 4’ என்பதற்கு நேர்ந்ததோ வேறு. பத்தாண்டு அனுமதி முடிந்தவுடன், 2018இல், முன்னரே வாங்கி வைத்திருந்தவர்களின் விளையாட்டினுள்ளிருந்தும் பல பாடல்கள் நீக்கப்பட்டன. வாங்கி அலமாரியில் வைத்த நூலினின்றும் பத்தாண்டு கழிந்தபின் பதிப்பாளர் வந்து சில ஏடுகளைக் கிழித்துச் செல்வதற்கு இஃது ஒப்பாகும்.

இரண்டாவது, கடையே மூடப்படுதல். நின்டெண்டோ நிறுவனத்தார் தம் வீ யூ, 3டிஎஸ் என்னும் கருவிகளுக்குரிய கடைகளில் விற்பனையை 2023 மார்ச்சு 27ஆம் நாள் நிறுத்தினர். மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் எக்ஸ்பாக்ஸ் 360 கருவிக்குரிய கடையை 2024 ஜூலை 29ஆம் நாள் மூடினர். முன்னர் வாங்கியவற்றை மீண்டும் இறக்கிக்கொள்ள இவ்விரு நிறுவனத்தாரும் இடமளித்தனர். ஆயினும், வட்டாகவோ பெட்டியாகவோ வெளிவராமல் அக்கடையில் மட்டுமே கிடைத்த விளையாட்டுக்களைப் புதிதாகப் பெற நேர்வழி இல்லாதொழிந்தது. சோனி நிறுவனத்தார் 2021 மார்ச்சில் தம் பிளேஸ்டேஷன் 3, வீட்டா என்னும் கருவிகளின் கடைகளை மூடப்போவதாக அறிவித்தனர். மக்கள் பெருங்குரலெழுப்பவே, மூன்று வாரத்துக்குள் அம்முடிவு தவறென ஒப்புக்கொண்டு அதனைக் கைவிட்டனர். வாங்குவோர் வாய்திறந்து கேட்பின் பயனுண்டு என்பதற்கு இஃதொரு சான்று.

மூன்றாவது காரணமே மிகக் கொடியது. அது, சர்வர் எனப்படும் நிறுவனத்தின் பொதுக் கணினியோடு தொடர்பின்றி இயங்காதவாறு விளையாட்டை அமைத்தலாகும். இதற்கு ‘தி க்ரூ’ என்னும் விளையாட்டின் வரலாற்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

பிரான்சு நாட்டு யூபிசாப்ட் நிறுவனத்தார் இதனை 2014 டிசம்பரில் வெளியிட்டனர். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நிலப்பரப்பு முழுவதையும் சுருக்கி அமைத்து, கீழ்க்கடற்கரை தொடங்கி மேல்கடற்கரை வரை நகரங்களையும், மலைகளையும், பாலைகளையும் கடந்து ஒருவர் கார் ஓட்டிச் செல்லுமாறு செய்திருந்தனர். பலர் கூடி ஆடும் பகுதியோடு ஒருவர் தனித்து ஆடத்தக்க கதையும் அதில் உண்டு. எனினும், தனித்து ஆடுவோரும் நிறுவனத்தின் சர்வரோடு இடையறாது தொடர்புகொண்டிருத்தல் வேண்டும் என்று அமைத்துவிட்டனர். 2023 டிசம்பர் 14ஆம் நாள் விற்பனை நிறுத்தப்பட்டது. 2024 மார்ச்சு 31ஆம் நாள் சர்வர்கள் அணைக்கப்பட்டன. அன்றுமுதல் இணையத்தில் வாங்கியவரும், வட்டாக வாங்கிக் கையில் வைத்திருப்பவரும் ஒருங்கே அதனை இழந்தனர். வட்டு இருந்தும் பயனில்லை. அது பூட்டின் திறவுகோல் மாத்திரமாயிருந்தது, வீடு வேறிடத்தில் இருந்தது. அதற்கடுத்த மாதத்தில், வாங்கினவர் கணக்குகளினின்றும் அவ்விளையாட்டின் உரிமமும் நீக்கப்பட்டது. திருடன் கொண்டுபோனானல்லன்; தீ எரித்ததும் அன்று. முழு விலையும் கொடுத்துப் பெற்ற பொருளொன்று, விற்றவர் விருப்பத்தால் உலகெங்கும் ஒரே நாளில் பயனற்றதாயிற்று.

இதனைச் செய்தலன்றி வேறு வழியில்லை என்று கூறுதற்கும் இடமில்லை. இதன் இரண்டாம் பாகமான ‘தி க்ரூ 2’ என்பதைச் சர்வரின்றி ஆடத்தக்கதாக அதே நிறுவனத்தார் 2025ஆம் ஆண்டில் மாற்றியமைத்தனர். முதற் பாகத்தையும், ஊதியம் பெறாத ஆர்வலர் சிலர் தாமே சர்வர் அமைத்து அதே ஆண்டில் மீண்டும் ஓடச் செய்தனர். ஆகவே, இயலாமை அன்று, எண்ணாமையே குறை என்பது தெளிவு.

இத்தகைய மறைவு எவ்வளவு பரந்தது? அமெரிக்காவிலுள்ள வீடியோ விளையாட்டு வரலாற்று அறநிறுவனத்தார், மென்பொருட் பாதுகாப்புக் குழுவொன்றோடு கூடி 2023ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டனர். 2010ஆம் ஆண்டுக்கு முன்னர் அந்நாட்டில் வெளிவந்த விளையாட்டுக்களுள் நூற்றுக்கு 87 இன்று முறையாக விலைக்குக் கிடையா என்பது அவர்கள் கண்ட முடிபு. சிறுவர் கையிலெல்லாம் ஒருகாலத்து விளங்கிய கேம் பாய் என்னும் கருவிக்குரியவற்றுள் கிடைப்பன நூற்றுக்கு ஆறும் இல்லை. பேசாப் படங்களுக்கு நேர்ந்த கதியை இது நினைவூட்டுகின்றது. 1912 முதல் 1929 வரை அமெரிக்காவில் எடுக்கப்பட்ட பேசாத பெரும்படங்கள் ஏறக்குறைய 11,000. அவற்றுள் முதல் வடிவத்திலேயே எஞ்சியிருப்பன நூற்றுக்கு 14 மட்டுமே என்று அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகம் 2013இல் வெளியிட்ட ஆராய்ச்சி கூறுகின்றது. ஆக்கியவரே போற்றிக்காப்பர் என்று நம்பியிருத்தலும் கூடாது. 2002இல் வெளிவந்து பெரும்புகழ் பெற்ற ‘கிங்டம் ஹார்ட்ஸ்’ என்னும் விளையாட்டின் மூல நிரல்களை அதனை வெளியிட்ட ஜப்பானிய நிறுவனமே இழந்துவிட்டது. பின்னர் அதனைப் புதுப்பிக்க முயன்றபோது பலவற்றை மீண்டும் ஆக்க நேர்ந்தது.

தமிழ் பயில்வார்க்கு இழப்பென்பது புதிதன்று. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய வளையாபதியில் பிறர் தொகுத்தும் மேற்கோளாக எடுத்தாண்டும் வைத்த சில செய்யுட்களே நமக்கு எஞ்சின. சீவகசிந்தாமணியும், சிலப்பதிகாரமும், மணிமேகலையும் அக்கதியினின்றும் தப்பியது எங்ஙனம்? அவற்றின் ஏட்டுப் பிரதிகள் மடங்களிலும், புலவர் வீடுகளிலும், கவிராயர் பரண்களிலும் பலர் உடைமையாகச் சிதறிக் கிடந்தன. ஒரு வீட்டு ஏட்டைச் செல் அரித்தால் மற்றொரு வீட்டு ஏடு எஞ்சிற்று. டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் ஊர் ஊராகச் சென்று தேடியபோது, தேடிப் பெறுதற்கு ஏடு இருந்தது. பலர் உடைமையாயிருத்தலே ஒரு நூலுக்குச் சிறந்த காவல் என்பதை நாம் இதனால் அறிகின்றோம். அவ்வேடுகள் யாவும் ஒரே அரண்மனையிலிருந்து இரவலாக வந்தவையாயிருந்து, அரண்மனையார் ஒருநாள் அனைத்தையும் திரும்பப் பெற்றுக்கொண்டிருப்பின், ஐயரவர்களின் உழைப்பால் ஆவதென்ன? இன்றைய விளையாட்டுக்களின் நிலை அத்தகையதே.

நூல்களைக் காக்கச் சட்டமும் துணைசெய்கின்றது. நம் நாட்டில் 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, அச்சாகும் ஒவ்வொரு நூலின் பிரதியும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னைக் கன்னிமரா நூலகத்துக்கும், வேறு இரு நூலகங்களுக்கும் அனுப்பப்படுதல் வேண்டும். பிரான்சு நாட்டில் 1992இல் இயற்றிய சட்டத்தால் விளையாட்டுக்களும் அந்நாட்டுத் தேசிய நூலகத்திற் சேர்க்கப்பட்டு வருகின்றன. அமெரிக்காவில், சர்வர் நின்றுபோன சில விளையாட்டுக்களின் பூட்டை நூலகத்தார் திறந்து காப்பதற்கு 2015 முதல் விதிவிலக்கு உண்டு. எனினும் அவற்றை நூலகத்துக்குள் வந்தே காணவேண்டும். தொலைவிலுள்ள ஆராய்ச்சியாளர்க்கும் இணையவழியே காட்ட அனுமதி வேண்டுமென்று கேட்டபோது, அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் அதனை மறுத்தது.

நிறுவனத்தார் கூறும் நியாயத்தையும் நடுவுநிலையோடு கேட்டல் வேண்டும். சர்வரை நடத்துதற்கு நாள்தோறும் செலவுண்டு. ஆடுவோர் சிலரேயாக, அச்செலவை எத்துணை ஆண்டு தாங்குவது என்பர். விளையாட்டினுள் பிற நிறுவனத்தாரிடம் பெற்ற நிரற்பகுதிகள் உண்டு. அவற்றைப் பொதுமக்கள் கையிற் கொடுக்க எமக்கு உரிமையில்லை என்பர். தனியார் நடத்தும் சர்வர்களில் தீங்கு விளையின் பொறுப்பு யாருடையது என்றும் வினவுவர். இவை பொருளற்ற வாதங்கள் அல்ல. ஆயினும், ஒரு நிறுவனம் என்றென்றும் சர்வர் நடத்தவேண்டும் என்று எவரும் கேட்டிலர். நிறுத்தும்போது, வாங்கினவர் தம் கருவியிலேயே ஆடத்தக்க நிலையில் அதனை விட்டுச்செல்க என்பதே வேண்டுகோள். முடிவு வரும் என்பதைத் தொடக்கத்திலேயே கருதி ஆக்கப்படும் விளையாட்டுக்கு இஃது அரிதன்று.

இவ்வேண்டுகோளோடு ராஸ் ஸ்காட் என்னும் அமெரிக்கர், ‘தி க்ரூ’ நின்றுபோனதற்கு அடுத்த மாதத்தில் ஓர் இயக்கம் தொடங்கினார். ‘விளையாட்டுக்களைக் கொல்வதை நிறுத்துங்கள்’ என்பது அதன் பெயர்ப்பொருள். ஐரோப்பிய ஒன்றியத்தார்முன் வைத்த விண்ணப்பத்தில் 2025 ஜூலை முடிவதற்குள் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட குடிமக்கள் கையெழுத்திட்டனர். பிரிட்டிஷ் பாராளுமன்றத்திலும் 2025 நவம்பரில் இது விவாதிக்கப்பட்டது. கலிபோர்னியா மாகாணத்தில் 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த சட்டமொன்று, அளிக்கப்படுவது உரிமமே என்பதைத் தெளிவாக அறிவியாமல் ‘வாங்குக’ என்னும் சொல்லை இணையக் கடைகள் வழங்கலாகாது என்று விதித்தது. உண்மையை உரைக்கச் செய்ததனால் அச்சட்டம் நன்றே. ஆனால், உரிமத்தை உடைமையாக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. போலந்து நாட்டினர் 2008இல் தொடங்கிய ஜிஓஜி என்னும் கடையோ, பூட்டில்லாத கோப்பாகவே விளையாட்டை அளிக்கின்றது. அதனை வாங்கினவர் தம் பேழையிற் படியெடுத்து வைத்துக்கொள்ளலாம். கடை மூடினும் கோப்பு எஞ்சும். வாணிகமும் உடைமையும் ஒன்றோடொன்று பகையல்ல என்பதற்கு இக்கடையே சான்றாம்.

விளையாட்டில் விருப்பமில்லாதார், இதனால் எமக்கென்ன என்று கேட்கலாம். 2009 ஜூலையில், ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய ‘1984’ என்னும் நாவலை மின்னூலாக வாங்கியிருந்த பலருடைய கிண்டில் கருவிகளினின்றும், விற்ற அமேசான் நிறுவனத்தாரே அதனை அழித்தனர். விற்கும் உரிமை இல்லாத ஒருவர் அப்பதிப்பை வெளியிட்டமையே காரணமென்று கூறிப் பணத்தைத் திருப்பித் தந்தனர். பணம் திரும்பிற்று, ஆனால், படித்துக்கொண்டிருந்த நூல் கையினின்றும் மறைந்தது. கல்லூரி நூலகங்கள் பலவற்றில் இன்று ஆராய்ச்சி ஏடுகளும் நூல்களும் ஆண்டுச் சந்தாவிலேயே வருகின்றன. சந்தா நின்றபின் அலமாரியில் எஞ்சுவது யாது என்பதை நூலகத்தாரும் ஆசிரியரும் இப்போதே கேட்டறிதல் நலம்.

ஆகவே, விற்பவர் மூன்று கடமைகளை மேற்கொள்ளல் வேண்டுமென்பது நமது கருத்து. விற்கும்போது கிரயமோ குத்தகையோ என்பதை வாங்குவோர் அறியச் சொல்லுதல். குத்தகையாயின் எத்தனை ஆண்டு என்பதை வரையறுத்தல். கைவிடும்போது ஆடத்தக்க நிலையில் விட்டுச்சென்று, ஒரு பிரதியேனும் பொது நூலகத்துக்கு அளித்தல். வாங்குவோராகிய நமக்கும் கடமையுண்டு. மலிவும் விரைவும் மட்டும் நோக்காது, நாளை நம் கையில் எஞ்சுவது யாது என்பதையும் கேட்டு வாங்குதல் வேண்டும். இன்று ஒரு தலைமுறையினர் விரும்பி ஆடியவற்றை, ஐம்பது ஆண்டு கழித்து ஒரு மாணவன் ஆராயப் புகின், அவன் கையில் அவற்றின் பெயர்ப்பட்டியல் மட்டும் இருத்தலாகாது. அவையே இருத்தல் வேண்டும்.